அழித்த முறை

ஏவன்மவுத் துறைமுகத்தின் பின்புறம்
வரி கட்டாத சரக்குகள் உறங்கும் ஆறாம் கிடங்கு.
என் பிழைப்பு எண்களோடு.
புட்டியின் முதுகில் பதினைந்து புள்ளி எட்டு;
கூட வந்த காகிதத்தில் பதினான்கு புள்ளி ஐந்து.
இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கொசுறில்தான்
அரசாங்கத்தின் காசு ஒளிந்திருக்கிறது.

சின்ஃபாண்டெல்.
சோதிக்க இரண்டு புட்டி திறந்தார்கள்.
ஒரே விவசாயி, ஒரே வருடம், ஒரே கொடி.
மண்சாலைக்கு மேற்கே விளைந்தது ஒன்று:
கோஸ்டெல்லோ மேடு.
கிழக்கே விளைந்தது மற்றது:
ரயிலடித் துண்டு.
ஆய்வகத்துக்கு வேண்டியது நூறு மில்லி.
மிச்சம் என் மேசைக்கு வந்தது, ஒரு படிவத்தோடு:
எஞ்சியதை அழிக்கவும்.
அழித்த முறையைக் குறிப்பிடவும்.
இருவர் கையெழுத்து.

வழக்கமாக நான் எழுதுவது:
தொட்டியில் ஊற்றப்பட்டது.

வெள்ளிக்கிழமை, நாலேகால் மணி.
தகரக் கூரையில் மழை கடுகு தாளித்துக்கொண்டிருந்தது.
க்ளெனிஸ் ப்ரிட்சார்ட்
தேநீர்க் கோப்பையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
என்னுடையதையும் கழுவினேன்.

முதலில் மேடு.
வாய்க்குள் வந்தும் உட்காராமல்
நின்றபடியே பேசிற்று.
வால்மிளகு.
மழையில் நனைந்த இரும்புக் கிராதி.
நாவற்பழத்தில் கொட்டையை ஒட்டிக் கிடக்கும் சதை,
அவசரக்காரர்கள் துப்பிவிடும் அந்தக் கடைசி ஊதா.
பிறகு பல்லுக்குப் பின்னால்
யாரோ மெல்லத் திரையை இழுத்து மூடினார்கள்.

'ட்ரை' என்றாள் க்ளெனிஸ்.
இத்தனை ஈரமான ஒன்றை
உலர்ந்தது என்கிறாளே.
துவர்ப்பு, என்றேன்.
மூன்று தரம் முயன்றாள்.
ஒவ்வொரு தரமும் 'ப்பு'வில் வந்து
உதடு சிரித்துவிட்டது.

அடுத்து ரயிலடி.
வாசலிலேயே கட்டிக்கொண்டது.
கிஸ்மிஸ், கிராம்பு,
அடிப்பிடிக்க ஒரு நொடி முன்னால் இறக்கிய ஜாம்.
இனிப்பு இனிப்பு என்று நம்பிக்கொண்டே விழுங்கினால்
தொண்டையில் காத்திருந்தது சூடு.
ஆக, பதினைந்து புள்ளி எட்டு
இங்கேதான் இருந்திருக்கிறது.
ஆய்வக அறிக்கை திங்கட்கிழமைதான் வரும்;
தொண்டை இன்றே ஒப்பமிட்டுவிட்டது.

நடுவில் ஒரு மண்சாலை.
இருபதடி இருக்குமா?
எனக்கும் என் தங்கைக்கும் நடுவே
பதினோரு மாதம்.
அதை க்ளெனிஸிடம் சொல்லவில்லை.

இந்தப் பழத்துக்கு ஒரு துர்க்குணம் உண்டாம்,
சரக்குக் குறிப்பில் இருந்தது.
ஒரே கொத்தில் ஒன்று பச்சையாய் நிற்கும்,
பக்கத்தில் ஒன்று கனிந்திருக்கும்,
அதற்கடுத்தது வற்றிச் சுருங்கியிருக்கும்.
பச்சைக்காகக் காத்திருந்தால் கனிந்தது வற்றும்.
கனிந்ததற்காக விரைந்தால் பச்சை புளிக்கும்.
கடைசியில் மூன்றையும் ஒரே காலையில் வெட்டுகிறார்கள்.
மிளகும் ஜாமும் ஒரே வாயில் வந்த கதை
அப்போதுதான் புரிந்தது.

ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு ஸ்வோங்கோ எட்டிப் பார்த்தான்.
அட்டையைப் படித்தான்.
எங்கள் கடற்கரையில் இதற்கு வேறு பெயர், என்றான்.
நாங்கள் கதைக்காகக் காத்திருந்தோம்.
கதை வரவில்லை.
ஒரு வாய்? என்று கோப்பையை நீட்டினேன்.
வண்டி ஓட்டணும், எனக்கு பீர்தான் பிடிக்கும்,
பன்னிரண்டாம் வரிசையில் அட்டைப்பெட்டி நனைகிறது,
என்று மூன்று காரணம் சொல்லிவிட்டுப் போனான்.
ஒன்று போதுமாயிருந்தது.

ஐந்து மணிக்குப் புட்டிகள் வெறும் கண்ணாடி.
அழித்த முறை?
'மெதுவாக' என்று எழுதினேன்.
க்ளெனிஸ் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.
பிறகு எனக்குப் பயம் வந்து
புதுப் படிவம் எடுத்து
தொட்டியில் ஊற்றப்பட்டது என்று எழுதி
அதிலும் அவளிடம் கையெழுத்து வாங்கினேன்.
முதலாவதை நாலாய் மடித்துக்
கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

பேருந்து வர இருபது நிமிடம்.
ரயிலடி எப்போதோ போய்விட்டிருந்தது,
சொல்லாமல் கொள்ளாமல்.
மேடு மட்டும்
பல்லுக்குப் பின்னால்
திரையை இன்னும் விலக்கவில்லை.